குளிர்காலத்துல புடவை கால்ல சுத்திக்குதா? மில்லுல கத்துக்கிட்டதை சொல்றேன்

மதுரைல இருந்து போன ஆவணில டொராண்டோ வந்த ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. ஊர்ல வருஷக்கணக்கா கட்டின அதே ஜார்ஜெட் புடவை, அங்க ஒரு நாள் கூட ஒட்டினதில்ல, இங்க டிசம்பர் ஆனதுல இருந்து நடக்க நடக்க கால்ல சுத்திக்குது, கொசுவம் முழுக்க ரெண்டு முட்டிக்கு நடுவுல போய் சிக்கிக்குது, சுடிதார் டாப்ஸ் லெக்கின்ஸோட ஒட்டி மேல ஏறிக்குது, பையனோட ஸ்வெட்டரை கழட்டினா சடசடன்னு பொறி பறக்குது, துணி காய வைக்கிற டிரையர்ல போடுற டிரையர் ஷீட் வாங்கி போட்டும் புடவை சரியாகல, என்னதான் பண்றதுன்னு. பிப்ரவரில ஒரு கல்யாணம் வேற இருக்காம், பட்டு கட்டணுமாம்.

நான் துணிக்கடைக்காரன் இல்லீங்க. கோயமுத்தூர்ல ஸ்பின்னிங் மில்லுல 27 வருஷம் வேலை பார்த்தவன், அதுல பாதிக்கு மேல ஹியூமிடிபிகேஷன் பிளாண்ட்லயே ஓடிப்போச்சு. டிபார்ட்மெண்ட்டுக்குள்ள காத்து எவ்ளோ ஈரமா இருக்கணும்னு பார்த்துக்கிறதுதான் என் பொழப்பு. இப்ப ரிட்டயர் ஆகி பொண்ணு வீட்டுல, டொராண்டோ பக்கத்துல பிராம்ப்டன்ல இருக்கேன், இது மூணாவது குளிர். அதனால இந்த கேள்வியை பார்த்ததும் கை சும்மா இருக்கல.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் அம்மணி, உங்க புடவை மேல தப்பு இல்ல. மதுரைல இருந்த அதே புடவைதான். மாறினது காத்து. அதை விட்டுட்டு துணியவே புடிச்சு உலுக்கிட்டு இருந்தா எத்தனை டப்பா ஸ்ப்ரே வாங்கினாலும் அரை மணி நேரம்தான் தாங்கும்.

ஸ்கூல்ல சீப்பை தலைல தேச்சு பேப்பர் துணுக்கை தூக்கி விளையாடியிருப்போம்ல, அதேதான் இது. ரெண்டு பொருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி விலகும்போது ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு எலெக்ட்ரான் தாவுது. யாரு குடுப்பா யாரு வாங்குவான்னு ஒரு வரிசையே இருக்கு, முடி, தோல், நைலான், கம்பளி, பட்டு எல்லாம் குடுக்கிற பக்கம், அதனால பாசிட்டிவ் ஆயிடும். பாலியஸ்டர், பாலிப்ரோப்பிலீன், பிவிசி எல்லாம் வாங்குற பக்கம், நெகட்டிவ். காட்டன் கிட்டத்தட்ட நடுவுல உட்கார்ந்திருக்கு, நம்ம ஊர் பெரியவங்க மாதிரி ரெண்டு பக்கமும் சேராது. உங்க கால் பாசிட்டிவ், ஜார்ஜெட் பாலியஸ்டர்னா நெகட்டிவ், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்குது, அவ்ளோதான் கதை. கடைல ஜார்ஜெட், ஷிஃபான், கிரேப், ஆர்ட் சில்க்னு என்ன பேர் சொன்னாலும் விலை கம்மியா இருந்தா அனேகமா பாலியஸ்டர்தான்.

அப்ப மதுரைலயும் இப்படி தாவியிருக்கணுமே? தாவிச்சுங்க. ஆனா தாவின வேகத்துல ஓடிப்போச்சு. துணில ஈரம் இருந்தா அந்த சார்ஜ் நிக்காது, அந்த ஈரத்து வழியாவே பரவி உடம்புக்கும் தரைக்கும் போயிடும். வெறுங்கால்ல சிமெண்ட் தரைல நடக்கிற வீடு வேற. இங்க கால்ல நைலான் சாக்ஸ், கீழ கார்ப்பெட், சார்ஜ் எங்க போகும் பாவம்.

எந்த துணி எவ்ளோ ஈரம் வச்சிருக்கும்ங்கிறதுக்கு மில்லுல ஒரு கணக்கு உண்டு, ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கிற ரூம்ல வச்சா 100 கிராம் காஞ்ச காட்டன் எட்டரை கிராம் தண்ணி புடிச்சு வச்சுக்கும், பட்டு 11 கிராம், கம்பளி 16 கிட்ட, நைலான் 4, பாலியஸ்டர் வெறும் 0.4 கிராம். அரை கிலோ காட்டன் புடவைல 40 கிராமுக்கு மேல தண்ணி உட்கார்ந்திருக்கு, நம்ம கைக்கு தெரியாது, உலர்ந்த புடவைன்னுதான் நினைப்போம். அதே எடைல பாலியஸ்டர் புடவைன்னா 2 கிராம். சுங்குடி புடவை கட்டின உங்க பாட்டிக்கு இந்த பிரச்சினை ஏன் வரலைன்னு இப்ப புரியும்.

இப்ப காத்துக்கு வாங்க. வெளில மைனஸ் 10 டிகிரினா ஒரு கன மீட்டர் காத்து 2 கிராம் சொச்சம் தண்ணிக்கு மேல தாங்காது. அந்த காத்துதான் வீட்டுக்குள்ள வந்து, வீட்டை சூடாக்குற ஃபர்னஸ்ல சூடாகி 21 டிகிரி ஆகுது. 21 டிகிரி காத்து 18 கிராம் வரைக்கும் தாங்கும், ஆனா கையில இருக்கிறது அதே 2 கிராம்தானே, யாரும் தண்ணி ஊத்தல. கணக்கு போட்டா ஈரப்பதம் 12, 13 சதவீதம். சமைக்கிறது குளிக்கிறதெல்லாம் சேர்த்து கொஞ்சம் ஏறும், 20 கிட்ட வரும். நம்ம ஊர்ல 30 டிகிரில காத்து 30 கிராம் தாங்கும், பாதி இருந்தாலே 15 கிராம். ஏழு மடங்கு வித்தியாசம்ங்க. உதடு வெடிக்குது, மூக்குல ரத்தம் வருது, புடவை ஒட்டுது, மூணுக்கும் காரணம் ஒண்ணுதான். பெங்களூர்ல இருக்கிறவங்களும் பிப்ரவரி மார்ச்ல இதே புலம்பல் புலம்புவாங்க, அங்க அப்ப மதியத்துல காத்து நல்லா காஞ்சு போயிருக்கும். சென்னைல ஏசி ஆபீஸ்ல நாள் முழுக்க உட்கார்றவங்களுக்கும் லேசா வரும்.

இந்த இடத்துல மில்லு கதை ஒண்ணு சொல்லாம போக முடியாது. தொண்ணூறுகள்ல ஒரு மார்ச் மாசம், நைட் ஷிஃப்ட். பாலியஸ்டர் காட்டன் பிளெண்ட் ஓடிட்டு இருந்துச்சு. டிபார்ட்மெண்ட் தூண்ல ரெண்டு தெர்மாமீட்டர் மாட்டியிருப்போம், ஒண்ணு சும்மா, அது ட்ரை பல்ப். இன்னொண்ணோட குமிழ்ல மல்துணி சுத்தி அதோட நுனி கீழ ஒரு சின்ன கப்புல தண்ணில முங்கியிருக்கும், அது வெட் பல்ப். ஈரத்துணி ஆவியாகி அந்த தெர்மாமீட்டரை குளிர வைக்கும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வச்சு சார்ட்ல ஈரப்பதம் பார்க்கணும். அன்னைக்கு கப்புல தண்ணி வத்திப்போச்சு, யாரும் கவனிக்கல. ரெண்டு தெர்மாமீட்டரும் 33 காட்டுது. புதுசா வந்த பையன் சார்ட்டை பார்த்தான், வித்தியாசம் சைபர்னா 100 சதவீதம்னு இருக்கு, அடடா ஈரம் அதிகமாயிடுச்சுன்னு காத்துல தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரே பம்ப்பை நிறுத்திட்டான். அவன் மேல தப்பு சொல்ல முடியாது, சார்ட்ல இருக்கிறதைத்தான் செஞ்சான்.

விடியக்காலம் அஞ்சரைக்கு என்னை எழுப்பி கூட்டிட்டு போனாங்க. பஞ்சை இழுத்து சீராக்குற டிராஃப்ரேம் மெஷின்ல ரோலர் ரோலரா பஞ்சு சுத்திக்கிட்டு நிக்குது, கொக்கி வச்சு அறுத்து எடுக்க எடுக்க மறுபடி சுத்துது. கேன்ல இருக்கிற ஸ்லைவர், அதான் முறுக்காத பஞ்சுக் கயிறு, பூனை வாலை சிலுப்பின மாதிரி முடி முடியா நிக்குது. கை கிட்ட கொண்டு போனா பஞ்சு தாவி வந்து முழங்கைல ஒட்டுது. அங்க வேலை பார்த்த ஒரு அக்கா சொன்னாங்க, "ஏனுங்க, பஞ்சுக்கு பேய் புடிச்சிருச்சாட்ட இருக்குதுங்க". ஷிஃப்ட் ஆஃபீசர் பஞ்சு லாட் சரியில்ல, பாலியஸ்டர்ல போட்டு வர்ற எண்ணெய் கம்மியா இருக்கு, திருப்பி அனுப்புன்னு ஒரே சத்தம். நான் போய் அந்த மல்துணியை விரல்ல தொட்டு பார்த்தேன், குச்சி மாதிரி விறைச்சு கெடக்கு. ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வந்து கப்புல ஊத்தினேன், கொஞ்ச நேரத்துல வெட் பல்ப் 23க்கு இறங்கிடுச்சு, சார்ட்ல 42 சதவீதம். பம்ப்பை போட்டு ஒரு மணி நேரம் ஓட விட்டதும் பேய் தானா இறங்கிப்போச்சு. பஞ்சை யாரும் மாத்தல.

அதனாலதான் சொல்றேன், வேற எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஈரப்பதம் காட்டுற ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்கி ஹால்ல வைங்க, பத்து பதினஞ்சு டாலர்ல சின்னதா கிடைக்கும். 20ன்னு காட்டினா அப்ப உங்க எதிரி யாருன்னு தெரிஞ்சு போச்சு.

அடுத்தது, தனி வீடா இருந்தா பேஸ்மெண்ட்ல ஃபர்னஸ் பக்கத்துல போய் பாருங்க. காத்து போற குழாய் மேல ஒரு பெட்டி மாட்டியிருக்கும், அதுதான் காத்துல ஈரம் சேர்க்கிற ஹியூமிடிஃபையர், நிறைய நம்மாளுங்க வீட்டுல அது இருக்கிறதே தெரியாது. என் பொண்ணு வீட்டுலயும் அப்படித்தான். நான் வந்த முதல் குளிர்ல பேத்தி என் கன்னத்தை தொட்டாலே ஷாக் அடிக்குது, மீட்டர் வாங்கி வச்சா 17 காட்டுது. பெட்டியை தொறந்து பார்த்தேன், உள்ள இருக்கிற பேட் உப்பு படிஞ்சு சுண்ணாம்பு சுவர் மாதிரி வெள்ளையா இருக்கு, வீடு வாங்கினதுல இருந்து மாத்தவே இல்லையாம். அது போதாதுன்னு பக்கத்துல இருக்கிற டேம்பர், அதான் காத்தை திறந்து மூடுற தகடு, அதோட கைப்பிடி சம்மர் பக்கமே நிக்குது, காத்தே உள்ள போகல. 27 வருஷம் பார்த்த வேலை ரிட்டயர் ஆகியும் விடல பாருங்க. பேட் மாத்தி கைப்பிடியை விண்டர் பக்கம் திருப்பி விட்டோம், மூணு நாள்ல 33 வந்துச்சு, பேத்தி தைரியமா கிட்ட வந்தா. அந்த பேட் வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர் ஆரம்பிக்கும்போது மாத்தணும்.

அபார்ட்மெண்ட்னா ரூம்ல வைக்கிற ஹியூமிடிஃபையர்தான் வழி. அல்ட்ராசோனிக் வகைல குழாய் தண்ணி ஊத்தினா ஜாமான் மேல எல்லாம் வெள்ளையா தூசு படியும், தண்ணில இருக்கிற உப்புதான் அது, டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, இல்லைன்னா திரி வச்ச வகை வாங்குங்க. தொட்டியை கழுவாம விட்டா பாசி புடிச்சு அதையே மூச்சுல இழுப்பீங்க. ஆசைப்பட்டு 50க்கு ஏத்தாதீங்க, வெளில கடும் குளிர் இருக்கிறப்ப ஜன்னல் கண்ணாடில தண்ணி வழியும், சுவர்ல பூஞ்சை புடிக்கும். 30, 35 போதும். ஜன்னல்ல தண்ணி நின்னா குறைச்சுக்கோங்க. செலவில்லாம ஏத்தணும்னா துவைச்ச துணிய ஸ்டாண்ட்ல வீட்டுக்குள்ளயே காயப்போடுங்க, ஒரு லோட் துணில லிட்டர் கணக்குல தண்ணி இருக்கு, டிரையர்ல போட்டா அத்தனையும் குழாய் வழியா வெளில போயிடுது.

சரி, காத்து ஒரு அளவுக்கு வந்தாச்சு, ஆபீஸ்லயும் மால்லயும் நம்ம கைல இல்லையே, இனி துணி.

உள்பாவாடைதான் எல்லாத்துக்கும் மூலம். இப்ப எல்லாரும் இடுப்பு ஒல்லியா தெரியுதுன்னு ஷேப்பர் போடறாங்க, அது பாலியஸ்டர் லைக்ராவோ நைலான் லைக்ராவோதான். நைலான் ஷேப்பர் மேல பாலியஸ்டர் புடவை கட்டினா வரிசைல அந்த கோடியும் இந்த கோடியும் சேர்ந்த மாதிரி, இதை விட மோசமான ஜோடி துணி உலகத்துலயே கம்மி. சாட்டின் பாவாடையும் பாலியஸ்டர்தான். பாப்ளின் காட்டன் பாவாடை கட்டிப் பாருங்க, பாதி பிரச்சினை அங்கயே முடியும். என் வீட்டுக்காரம்மா இன்னொண்ணு பண்றாங்க, அந்த பாவாடையை லேசா கஞ்சில முக்கி காயப்போடறாங்க. ஸ்டார்ச்சும் ஈரம் புடிக்கிற சாமான்தான், அதோட துணி விறைப்பா நிக்கறதால புடவை கால் கிட்டயே வராது. ரொம்ப கெட்டியா போட்டா நடக்கும்போது அப்பளம் நொறுங்கற சத்தம் வரும், தண்ணியா போடுங்க. குளிருதுன்னு உள்ள லெக்கின்ஸ் போடறதா இருந்தா காட்டன் அதிகமா இருக்கிறதா பார்த்து போடுங்க. சுடிதார் தைக்க குடுக்கும்போது டெய்லர் கிரேப் லைனிங் வைக்கட்டுமாம்பாங்க, வேண்டாம், காட்டன் லைனிங் வைங்கன்னு அடிச்சு சொல்லிடுங்க.

டிரையர் ஷீட் போட்டும் புடவை சரியாகலைன்னீங்க. ஒண்ணு கேக்கறேன், ஜார்ஜெட் புடவையை டிரையர்ல போடுறீங்களா? போடமாட்டீங்க, கதவு மேலயோ கம்பி மேலயோதான் காயப்போடுவீங்க. அப்ப ஷீட் புடவை பக்கமே வரலையே! அந்த ஷீட்ல மெழுகு மாதிரி தடவியிருக்கிறது துணியை மெதுவாக்குற சாஃப்ட்னர்தான், டிரையர் சூட்டுல உருகி உரசுற துணில ஏறும், உரசாத துணிக்கு ஒண்ணும் இல்ல. டிரம்மை கழுத்து வரைக்கும் அடைச்சாலும் அதே கதை. வேணும்னா புது ஷீட் ஒண்ணை எடுத்து பாவாடையோட வெளிப்பக்கம், புடவையோட உள்பக்கம் லேசா தேச்சு விடுங்க, அவசரத்துக்கு கேட்கும்.

டிரையர்ல போடுற துணில பெரிய தப்பு ஒண்ணு நடக்குது, அதிகமா காய வைக்கிறது. சாம்பார் வத்த வத்த அடி புடிக்கிற மாதிரிதான். காட்டன் டவல் காயணும்னு ஒரு மணி நேரம் ஓட விடுவோம், அதே லோட்ல இருக்கிற பாலியஸ்டர் டி-ஷர்ட் இருபது நிமிஷத்துலயே காஞ்சிருக்கும், மீதி நேரம் பூரா எலும்பா காஞ்ச துணியோட உருண்டு சார்ஜ் ஏத்திக்கிட்டே இருக்கும். அந்த அளவுக்கு காய்ஞ்சா காட்டன் கூட சார்ஜ் ஏத்திக்கும், அதுல இருக்கிற தண்ணிதானே அதோட நல்ல பேருக்கு காரணம். சின்தடிக்கை தனியா போடுங்க, லேசா ஈரம் இருக்கும்போதே எடுத்து உதறி ஹேங்கர்ல மாட்டிடுங்க.

சாஃப்ட்னர் விஷயத்துல நிறைய பேர் தப்பு பண்றது எங்கன்னா, சோப்போட சேர்த்து ஊத்தறது. டிடர்ஜெண்ட் நெகட்டிவ், சாஃப்ட்னர் பாசிட்டிவ், ரெண்டும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கிட்டு துணிக்கு ஒண்ணும் மிஞ்சாது, பிசுபிசுன்னு கறை வேற. சோப்பெல்லாம் அலசி போனதுக்கு அப்புறம் கடைசி தண்ணிலதான் சேரணும். மெஷின் டிராயர்ல பூ படம் போட்ட ஒரு அறை இருக்கும் பாருங்க, அதுல ஊத்தினா மெஷினே கடைசில எடுத்துக்கும். கைல துவைக்கிற புடவைக்கு கடைசி பக்கெட் தண்ணில ஒரு மூடி விட்டு அஞ்சு நிமிஷம் ஊற வச்சு, அலசாம அப்படியே புழிஞ்சு போடுங்க. அதோட மூலக்கூறுல ஒரு தலை, ரெண்டு கொழுப்பு வால்னு வச்சுக்கோங்க, தலை துணியை புடிச்சுக்கும், வால் வெளிய நீட்டிட்டு வழவழப்பு குடுக்கும், அந்த படலம் காத்துல இருக்கிற கொஞ்ச நஞ்ச ஈரத்தையும் இழுத்து வச்சுக்கும். உரசலும் குறையும், சார்ஜும் ஓடும். பாலியஸ்டர் தன்னால புடிக்க முடியாத ஈரத்துக்கு இது ஒரு இரவல் தோல். டவலுக்கு மட்டும் வேண்டாம், தண்ணியை உறிஞ்சாது. பசங்களோட தீப்பிடிக்காத வகை பைஜாமாக்கும் கூடாது, லேபிள்லயே போட்டிருப்பான்.

ஸ்ப்ரே வீட்டுலயே பண்ணிக்கலாம். ஒரு பங்கு சாஃப்ட்னருக்கு முப்பது பங்கு தண்ணி, ஸ்ப்ரே பாட்டில்ல குலுக்கி, பாவாடை மேல ஒரு முழம் தள்ளி நின்னு பனி மாதிரி அடிங்க, காய விட்டு கட்டுங்க. ஹேர் கண்டிஷனர்ல இருக்கிறதும் இதே ஜாதி மருந்துதான், அதனால சாஃப்ட்னர் இல்லைன்னா தண்ணில துளி கண்டிஷனர் கலந்தும் பண்ணலாம். கடைல ஸ்டேடிக் கார்ட்னு டப்பால விக்கிறது இன்னும் வேகமா வேலை செய்யும், ஆனா அது தீப்பிடிக்கக் கூடிய சாமான். பண்டிகை நாள்ல புடவையை கட்டிட்டு விளக்கு ஏத்தின பூஜை ரூம் வாசல்ல நின்னு அடிக்காதீங்க, சொல்லிட்டேன்.

கால்ல லோஷன் போடறது நல்ல பழக்கம். கிளிசரின் இருக்கிறதா பாருங்க, அது ஈரத்தை இழுத்து வைக்கும். சில பேர் தேங்காய் எண்ணெய் தடவுங்கறாங்க, தடவலாம், தோல் வறட்சி போகும், வழுக்கும். ஆனா எண்ணெய் கரண்டை கடத்தாது, அதனாலதானே டிரான்ஸ்ஃபார்மர்லயே எண்ணெய் ஊத்தி வைக்கிறாங்க. அதோட புடவைல கறை புடிச்சா அது வேற அழுகை.

ஊக்கு குத்தற வித்தை உண்மைதான், ஆனா பெரிசா எதிர்பார்க்காதீங்க. இரும்போட கூர்முனைல சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமா காத்துல கசியும், பாவாடை அடி ஓரத்துல உள்பக்கமா ஒண்ணு ரெண்டு குத்தினா அந்த சுத்து வட்டாரத்துக்கு உதவும், ஆறு கஜத்துக்கு ஒரு ஊக்கு என்ன பண்ணும் பாவம். கம்பி ஹேங்கரை புடவைக்கும் பாவாடைக்கும் நடுவுல மேல இருந்து கீழ இழுத்தா உடனே விடும், பத்து நிமிஷத்துல திரும்ப வரும். வினிகர் ஊத்தினா சரியாகும்ங்கறாங்க, அது சோப்பு மிச்சத்தை எடுக்கும், துணி கொஞ்சம் மெதுவாகும், இந்த ஒட்டுற பிரச்சினைக்கு நான் நம்பல. ஊத்துறவங்க ப்ளீச்சோட மட்டும் சேர்த்துடாதீங்க, குளோரின் கேஸ் வரும், அது விளையாட்டில்ல. டிரையர்ல அலுமினியம் ஃபாயில் உருண்டை போடுறதை பொண்ணு ஒரு மாசம் பண்ணி பார்த்தா, டிரம்ல கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

பையன் ஸ்வெட்டர்ல பொறி பறக்குதுன்னு பயந்திருந்தீங்க. காத்துல ஒரு மில்லிமீட்டர் தூரம் பொறி தாவணும்னா சுமார் 3000 வோல்ட் வேணும், அப்ப அங்க ஆயிரக்கணக்குல வோல்ட் இருக்குன்னு அர்த்தம். கேக்க பயங்கரமா இருக்கும், ஆனா அளவு துளியூண்டு, மழைச்சொட்டு பத்தாவது மாடில இருந்து விழுந்தா என்ன ஆயிடும், அந்த மாதிரி. பையனுக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள காட்டன் பனியன் போட்டு விடுங்க. கதவு கைப்பிடியை தொடறதுக்கு முன்னாடி கைல இருக்கிற சாவியால தொடுங்க, பொறி சாவி நுனில போயிடும், விரல்ல சுருக்குன்னு குத்தாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரில வேலை பார்க்கிற பசங்க கோட்டுல கட்டம் கட்டமா கருப்பு நூல் ஓடும் பாருங்க, கார்பன் கலந்த நூல், மணிக்கட்டுல பட்டை கட்டி அதுல இருந்து ஒயர் தரைக்கு போகும். நமக்கு சுருக்குன்னு குத்துற பொறில நூத்துல ஒரு பங்கு கூட வேண்டாம், சிப்பு செத்துப்போகும்.

விளையாட்டில்லாத இடம் ஒண்ணு இருக்கு, பெட்ரோல் பங்க். இங்க நாமளே நாசிலை புடிச்சு போட்டுக்கணும்ல, குளிருதுன்னு நாசிலை கார்ல மாட்டி விட்டுட்டு உள்ள போய் உட்கார்ந்துக்கறாங்க, திரும்ப சீட்ல இருந்து உரசிட்டு இறங்கி நேரா நாசிலை தொடுறாங்க. பெட்ரோல் ஆவி பத்திக்க கால் மில்லி ஜூல் பொறி போதும், நம்ம உடம்புல குளிர்ல ஏறுற சார்ஜ் அதை விட பல மடங்கு. உள்ள போகாதீங்க, போயிட்டீங்கன்னா இறங்கினதும் பெட்ரோல் மூடில இருந்து தள்ளி நின்னு கார் தகரத்தை வெறும் கையால தொட்டுட்டு அப்புறம் நாசில் கிட்ட போங்க.

இப்ப உங்க பிப்ரவரி கல்யாணம். பட்டுல தண்ணியும் அடிக்காதீங்க, ஸ்ப்ரேயும் அடிக்காதீங்க, பொட்டு பொட்டா நிக்கும், ஜரிகை கருக்கும். எல்லா வைத்தியமும் பாவாடைக்குத்தான். காட்டன் பாவாடையை ரெண்டு நாள் முன்னாடி சாஃப்ட்னர் தண்ணில முக்கி காயப்போட்டு வைங்க, அன்னைக்கு கால்ல லோஷன் தடவி பத்து நிமிஷம் விட்டு கட்டுங்க. பட்டு தன்னால அவ்ளோ ஒட்டாது, நிறைய ஈரம் புடிக்கிற நூல். மாட்டி விடறது உங்க விண்டர் கோட்டுங்க. கோட்டுக்குள்ள லைனிங் பாலியஸ்டர், பட்டு குடுக்கிற பக்கம், அது வாங்குற பக்கம், கார்ல உட்கார்ந்து ஒரு மணி நேரம் ரெண்டும் உரசிட்டே வரும், மண்டபத்துல போய் கோட்டை கழட்டின உடனேதான் முந்தானை முதுகுல ஒட்டும், கொசுவம் கால்ல சுத்தும். கிளம்பறதுக்கு முன்னாடி லைனிங்ல அந்த ஸ்ப்ரேயை அடிச்சு காய விட்டுடுங்க. அங்க போனதும் கோட்டை மெதுவா கழட்டி மாட்டிட்டு நேரா ரெஸ்ட்ரூம் போய், கையை நனைச்சு நல்லா உதறி, அந்த லேசான ஈரக்கையால பாவாடையை மட்டும் மேல இருந்து கீழ ஒரு தடவை தடவி, கொசுவத்தை ரெண்டு உதறு உதறி விட்டுட்டு அப்புறம் மண்டபத்துக்குள்ள போங்க. போன வருஷம் வளைகாப்புக்கு பொண்ணு இதைத்தான் பண்ணினா, சாயங்காலம் வரைக்கும் கொசுவம் நின்ன இடத்துலயே நின்னுச்சு, கோட்டை திரும்ப மாட்டுற வரைக்கும்.